முதல் புகை யார் கூரையில்

அந்த எண்ணம் எனக்கு எங்கே நின்றபோது வந்தது என்று நன்றாக ஞாபகம் இருக்கிறது. எதிர் மலை ரோட்டு வளைவில், ஜீப் பானெட்டில் முழங்கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தேன். மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. கீழே பள்ளம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் லயம். ஒரே சுவரை ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடுகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து நீளமாக ஒரே தகரக் கூரை, அதன் முதுகுக்குப் பின்னாலேயே செங்குத்தாகத் தேயிலைச் சரிவு. சற்று முன்புதான் அங்கே போய் மைக்கில் கத்திவிட்டு வந்திருந்தோம். "மண்ணு சரியற மாதிரி இருக்குதுங்க, எல்லாரும் ஸ்கூல் கேம்ப்புக்கு வந்திருங்க." எல்லோரும் தலையாட்டினார்கள். "வாறோம் மிஸ், வாறோம்" என்றார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை. அதனால் நானும் நம்பிக்கையாக, மூட்டையோடு யார் முதலில் வெளியே வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாரும் வரவில்லை. வலது கோடி வீட்டுக் கூரையிலிருந்து புகை கிளம்பியது.

கொஞ்ச நேரம் அது மட்டும்தான். பிறகு அதற்கு அடுத்த வீடு. பிறகு அதற்கும் அடுத்தது. யாரோ ஒருவர் தீக்குச்சியோடு வரிசையாக நடந்து போவது மாதிரி, ஒவ்வொரு கூரையாகப் புகைந்துகொண்டே வந்தது. நடுவில் ஒரு வீடு மட்டும் தாமதித்தது. கடைசியில் அதுவும் புகைந்தது.

எங்கள் ஜீப் டிரைவர் ஷாஜி, கூடலூர்க்காரன், சிகரெட்டை அணைத்துவிட்டுச் சொன்னான்: "மிஸ்ஸே, அவங்க சோறு வைக்கறாங்க. இனி ஆரும் வராது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்கள் மலையைப் பார்த்து முடிவு எடுப்பதில்லை. பக்கத்துக் கூரையைப் பார்த்து எடுக்கிறார்கள்.

புதிதாக வந்திருக்கிற நீங்கள் எல்லாம் என்னை "பென்ஷன் அக்கா" என்று கூப்பிடுவது என் காதிலும் விழுகிறது. நம் மழைக்குழுவில் நாலு மழையைக் களத்தில் பார்த்தவர்களுக்குக் கிடைக்கிற பட்டம் அது. இருபத்தேழு வயதில் பென்ஷன். பரவாயில்லை, ஏற்றுக்கொள்கிறேன். அடுத்த வாரம் நான் குன்னூர் ஆபீஸ் நாற்காலிக்குப் போய்விடுவேன். மழைமானியை எப்படிப் படிப்பது, எந்த நிற எச்சரிக்கைக்கு யாருக்குப் போன் போடுவது என்பதையெல்லாம் மற்றவர்கள் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள், என்னைவிட நன்றாகவே. அவர்கள் சொல்லாமல் விடக்கூடிய ஒன்று இருக்கிறது. அதை மட்டும் நான் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நான் குன்னூர்ப் பக்கம் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா பாதுகாப்புத் துறை ஃபேக்டரி ஒன்றில் சிவிலியன். அங்கே சங்கு ஊதினால் ஊரே எழுந்திருக்கும், சங்கு ஊதினால் ஊரே சாப்பிடும். ஒத்திகைச் சங்கு ஊதினால் அம்மாகூட அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து நிற்பாள். அதனால் அறிவிப்பு என்று ஒன்று வந்தால் மனிதர்கள் அதைக் கேட்பார்கள் என்று நான் முழுசாக நம்பினேன். அம்மா சங்குக்காக வெளியே வரவில்லை, எதிர்க் குவார்ட்டர்ஸ் ஆன்ட்டி வெளியே வந்ததால்தான் வந்தாள் என்பது பந்தலூருக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அந்த லயம் பந்தலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் இருந்தது. பேர் வேண்டாம். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். அந்தச் சம்பவத்துக்கு முந்தின வருஷ மழையிலும் நாங்கள் போய் மைக்கில் கத்தினோம். அந்த வருஷம் ஒரே ஒரு குடும்பம் வந்தது. மகேஸ்வரி அக்கா, அவர் கணவர் யோகன், மூன்றாம் வகுப்புப் படிக்கிற மகள் தர்ஷினி. ஸ்கூல் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு ராத்திரி படுத்தார்கள். நாங்கள் கொடுத்த உப்புமாவைச் சாப்பிட்டார்கள். மலை ஒன்றும் செய்யவில்லை. காலையில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

லயத்துக் குழாயடியில் செல்வராஜ் அண்ணன் நின்றிருந்தார். வலது கோடி வீட்டுக்காரர்.

"வாங்க வாங்க! மண்டபத்துல சாப்பாடெல்லாம் எப்படி? கம்பளி குடுத்தானா? எந்தத் தோட்டத்துக்குச் சீட்டுப் போட்டான்?"

குழாயடியே சிரித்தது. மகேஸ்வரி அக்காவும் சிரித்தார். கூட நடந்து வந்த நானும், ஒன்றும் விளங்காமல், எல்லோரும் சிரிக்கிறார்களே என்று சிரித்து வைத்தேன்.

விளங்கினபோது சிரிப்பு வரவில்லை. கப்பலில் வந்து இறங்கி, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் கேம்ப்பில் மூட்டையும் பிள்ளையுமாக வரிசையில் நின்று, எந்த மலைக்கு அனுப்பப் போகிறார்கள் என்று தெரியாமல் காத்துக் கிடந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். அந்த லயத்தில் கேம்ப் என்றால் பாதுகாப்பான இடம் இல்லை. மூட்டையோடு நிற்பது. இன்னொருவன் கை நீட்டின பக்கம் போவது. நாங்களோ துணி பேனரில் கொட்டை எழுத்தில் "கேம்ப்" என்று எழுதி ஸ்கூல் கேட்டில் கட்டியிருந்தோம். அழகாகக் கட்டியிருந்தோம், நாலு மூலையிலும் கயிறு போட்டு.

அந்தக் குடும்பத்துக்கு மண்டபம் என்றே பேர் ஆகிவிட்டது. கொழுந்து பறிக்கிற இடத்தில், "ஏய் மண்டபம், தள்ளி நில்லு." கோயில் வரி வாங்கும்போது, "மண்டபம் வீட்டுல வாங்கியாச்சா?" யாருக்கும் வன்மம் கிடையாது. அப்படித்தான் பட்டப்பெயர்கள் ஒட்டும். வன்மத்தோடு சொன்னால் எதிர்த்துச் சண்டை போடலாம். பிரியமாகச் சொன்னால் என்ன செய்வது?

செல்வராஜ் அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள். ஃபேக்டரியில் இலை சுமக்கிறவர். பதவி ஒன்றும் கிடையாது. ஆனால் லயத்தில் யாருக்காவது பாம்பு கடித்தால் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடுகிற முதல் ஆள் அவர். குழாயில் தண்ணீர் வராவிட்டால் எஸ்டேட் ஆபீஸ் வாசலில் போய் நிற்கிற முதல் ஆள் அவர். யானை இறங்கின ஒரு காலையில், வேலைக்குப் போகாதீர்கள் என்று அவர் குறுக்கே நின்றதால் பிழைத்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர் செய்வதைச் செய்தால் கெட்டுப்போகாது என்பது அந்த வீடுகள் அனுபவத்தில் கற்ற பாடம். ஆகவே யாராவது நம் ஆபீஸில் "ஆட்டு மந்தைங்க" என்று பேசினால், தயவுசெய்து அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஒருவர் பின்னால் ஒருவர் நடந்து நடந்துதான் அந்த வரிசை இத்தனை வருஷம் உயிரோடு இருந்தது. வருஷத்தில் எல்லா நாளும் சரியாக இருக்கிற வழக்கம் ஒரு நாள் மட்டும் தப்பாகிறது. அது எந்த நாள் என்று அதன் முகத்தில் எழுதியிருக்காது.

நாம் மட்டும் என்ன வேறு ஜாதியா? அதே மழையில் கோத்தகிரிப் பக்கம் ஒரு சரிவில் நம் ஆட்கள் ஐந்து பேர் ஒரு வெடிப்பைச் சுற்றி நின்றோம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, செருப்பு நுழைகிற அகலம். குழுத் தலைவர் குனிந்து பார்த்துவிட்டு, "பழசு மாதிரித் தெரியுது" என்றார். அடுத்தவர், "ஆமாங்க, பழசுதான்." அதற்கடுத்தவர், "ஓரமெல்லாம் பாசி புடிச்சிருக்குதுங்களே." பாசி எங்கே என்று நான் தேடினேன், காணவில்லை, தலையாட்டினேன். ஜீப்பில் திரும்பி வரும்போது ஒருவர் மெல்ல ஆரம்பித்தார்: "ஏனுங்க, எனக்கென்னமோ அது புதுசாட்டத் தெரிஞ்சுதுங்க." "எனக்குந்தாங்க!" ஐந்து பேரும். தலைவர் உட்பட! முதலில் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாராம், எல்லோரும் ஆமாம் என்றதும் அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டதாம். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் கீழே இருந்த வீடுகளைக் காலி செய்ய வைத்தோம். நம் குழுக் கூட்டத்தில் தலைவர் கடைசியாகத்தான் வாயைத் திறக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறதே, நேற்று உங்களில் ஒருவர் அதைக் கேட்டுச் சிரித்தாரே, அது அந்த ஜீப்பில் பிறந்த விதி.

சரி, புகைக்கு வருகிறேன்.

எல்லாக் கூரையும் புகைந்ததும் நான் மறுபடி கீழே இறங்கினேன். இந்த முறை மைக் எடுத்துப் போகவில்லை. நேராக மகேஸ்வரி அக்கா வீட்டுக்குப் போனேன். போன வருஷம் வந்தவர்கள், இந்த வருஷமும் வருவார்கள், அவர்களைப் பார்த்து நாலு பேர் வருவார்கள் என்று கணக்கு. வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அக்கா ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தார். கேஸ் அடுப்பு எல்லா வீட்டிலும் உண்டு, ஆனால் அந்தக் குளிருக்கு விறகு அடுப்புதான். கண்ணெல்லாம் சிவப்பு.

"மிஸ், தேத்தண்ணி குடிங்க."

"தேத்தண்ணிக்கு நேரமில்லீங்க்கா. போன வருஷம் வந்தீங்கல்ல, அதைவிட இப்ப மழை ஜாஸ்தி. கெளம்புங்க."

"போன வருசம் வந்தோம். வந்துதானே இந்தப் பேரு?" அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். "புள்ள ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குது மிஸ். டீச்சர் பேரு கூப்பிட்டா, பின்னாடி பெஞ்சுல இருந்து 'மண்டபம் பிரசென்ட்'னு சத்தம் வருதாம்."

"உசுரு போனா பேரை வெச்சு என்னங்க்கா பண்றது?"

"உசுரு போயிட்டா பேரு இல்ல மிஸ், விளங்குது. போகாட்டி? நாளைக்கும் இந்தக் குழாயிலதானே நான் தண்ணி புடிக்கணும்?"

உங்களிடமும் யாராவது இதைக் கேட்பார்கள். அப்போது மழையின் அளவை எடுத்துச் சொல்லாதீர்கள். அவர் கேட்டது மழையைப் பற்றி இல்லை.

உள்ளேயிருந்து யோகன் அண்ணன் குரல் மட்டும் வந்தது. "எல்லாருக்கும் வாறதுதான் நமக்கும். எல்லாரும் கெளம்பினா நாங்களும் கெளம்புறோம்."

நான் படி இறங்கிவிட்டேன். அப்போது அக்கா பின்னாலிருந்து கூப்பிட்டார். தேவைக்கு மேல் சத்தமாக, இரண்டு பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி.

"மிஸ்! புள்ளைக்குக் காய்ச்சல் மிஸ்! ராத்திரி முழுக்க அனத்திக்கிட்டே கெடந்துச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். ஜீப்புல எடம் இருக்கா?"

பிள்ளை சுவரோரம் உட்கார்ந்து ரொட்டியை மென்றுகொண்டிருந்தாள். ஆரோக்கியமாக. நான் போய் நெற்றியைத் தொட்டேன். குழாய்த் தண்ணி மாதிரிச் சில்லென்று இருந்தது. அக்கா என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"ஆமாங்க்கா, நல்லாக் கொதிக்குது" என்றேன், நானும் சத்தமாக.

எவ்வளவு வேகமாக அவருக்குத் தோன்றியிருக்கிறது, பாருங்கள்! மழைக்குப் பயந்து ஓடினால் சிரிப்பார்கள். காய்ச்சல் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறவளைப் பார்த்து எந்த லயத்திலும் யாரும் சிரிக்க மாட்டார்கள். முழு வேலியில் அந்த ஒரு இடைவெளியைக் கண்டுபிடித்துவிட்டார். கொடியிலிருந்து துணிகளை உருவி ஒரு பையில் திணித்தார். கதவுக்குப் பின்னால் நின்று சேலையைச் சரிசெய்தார். யோகன் அண்ணனிடம் மெதுவாக ஏதோ சொன்னார், "நீங்களும் மாத்திரை வாங்க வாற மாதிரி..." என்பது வரைதான் எனக்குக் கேட்டது. வெளியே வந்தோம்.

குழாயடியில் செல்வராஜ் அண்ணன். மழையில், தலையில் மழைக்கு மடித்துப் போட்ட சாக்குக் கொங்காணியோடு, தண்ணீர்கூடப் பிடிக்காமல் சும்மா நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். பையைப் பார்த்தார்.

"என்ன மண்டபம்! காய்ச்சல் புள்ளைக்கா, மூட்டைக்கா?"

வாசல் வாசலாகச் சிரிப்பு போனது. அவரும் சிரித்தார்.

அக்கா நின்றுவிட்டார். ஒரு கணம்தான். பிறகு அவரும் சிரித்தார், எல்லோரையும்விடச் சத்தமாக. "ச்சே, மூட்டை எங்கண்ணே? புள்ளைக்கு ஸ்வெட்டர் எடுத்தேன். மிஸ்தான் கூட்டிட்டுப் போறாங்க. எனக்கு அடுப்புல சோறு கெடக்கு." பைக்குள் கையை விட்டு ஸ்வெட்டரை எடுத்தார், மகளுக்குப் போட்டுவிட்டார், பொத்தானைக் கழுத்துவரை மாட்டினார், பிள்ளையின் கையை எடுத்து என் கையில் வைத்தார். பையோடு திரும்பி உள்ளே போய்விட்டார்.

எனக்கு அங்கே கிடைத்தது ஒரு மூச்சு விடுகிற நேரம். கையைப் பிடித்து இழுத்தால் அந்தச் சிரிப்பு இன்னும் பெரிசாகும், அவர் இன்னும் இறுகுவார், பிள்ளையையும் உள்ளே இழுத்துக்கொள்வார். கிடைத்ததை எடுத்துக்கொண்டு போ, மீதிக்குத் திரும்பி வா. அப்படித்தான் நினைத்தேன். அது சரியா என்று என்னிடம் கேட்காதீர்கள். தர்ஷினி இருக்கிறாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஜீப் மேடு ஏறும்போது அவள் இருமினாள். கொஞ்சம் விட்டு மறுபடி இருமினாள், ரொம்பப் பொறுப்பாக.

"போதும் பாப்பா, இங்க யாரும் இல்ல."

"எனக்குக் காய்ச்சல் இல்லக்கா. அம்மாதான் இருமச் சொன்னாங்க. டாக்டர்ட்ட சொல்லிறாதீங்க."

ஷாஜி கண்ணாடியில் என்னைப் பார்த்தான். வண்டியை வேகமாக விட்டான்.

அந்த இருமல்தான் எனக்கு வழியைக் காட்டியது. ஒரு தாய்க்குச் சாக்கு தேவைப்பட்டது என்றால், அத்தனை வீட்டுக்கும் ஒரு சாக்கு கொடுத்தால் என்ன? ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே எங்கள் ஆபீஸ் பெரியவருக்குப் போன் போட்டேன். ஸ்கூலில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பரிசோதனை, தாயோ தகப்பனோ கூட வந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிடலாம். கேம்ப் என்ற வார்த்தையே வேண்டாம், நர்ஸ் ஒருவர் வெள்ளை உடுப்போடு ஜீப்பில் வந்து நின்றால் போதும். "பொய் சொல்லிக் கூட்டிட்டு வரச் சொல்றியாம்மா?" என்றார். "ஆமாங்க சார். சிரிக்காம வர்ற மாதிரி ஒரு பொய்." யோசித்தார். சரி என்றார். ஒரு நர்ஸும் கிளம்பினார், கையில் டெம்பரேச்சர் பார்க்கிற கருவியோடு. தர்ஷினியை ஆஸ்பத்திரியிலேயே உட்கார வைத்துவிட்டுத் திரும்பினோம்.

பாதி வழியில் ரோட்டின் குறுக்கே மரம். இறங்கி ஓடினோம். மத்தியானம்தான், ஆனால் மஞ்சில் எதுவும் தெரியவில்லை. ஒரு சத்தம் வந்தது. இடி மாதிரி இல்லை. லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி, ஆனால் நிற்காமல்.

வளைவில் நின்று பார்த்தபோது கூரை இரண்டு துண்டாக இருந்தது. இந்தக் கோடியும் அந்தக் கோடியும் நின்றன. நடுவில் சரிவு நேராகப் பள்ளம்வரை ஒரே சிவப்பாக இறங்கியிருந்தது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தப்பியவர்கள் எங்கே தோண்டுவது என்று தெரியாமல் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். சுவர் இருந்த அடையாளமே இல்லை. சேற்றுக்கு மேலே ஒரே ஒரு இடத்தில், நூல் மாதிரி, புகை வந்துகொண்டிருந்தது. செல்வராஜ் அண்ணன்தான் முதலில் பார்த்தார். "அடுப்பு! மகேசு அடுப்பு!" என்று கத்திக்கொண்டு அங்கே விழுந்து, வெறும் கையால் அள்ள ஆரம்பித்தார். மண்வெட்டியைக் கொடுத்தால் வாங்கவில்லை. அந்தப் புகையை வைத்துத்தான் இரண்டு பேரையும் எடுத்தோம். யோகன் அண்ணன் சட்டை மாற்றியிருந்தார். வெளியே போகும்போது போடுகிற சட்டை. பை பக்கத்திலேயே கிடந்தது.

தர்ஷினி இப்போது தேவாலாவில் அவள் அத்தை வீட்டில் இருக்கிறாள். அதற்கு மேல் அவளைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

தப்பிய குடும்பங்களை எஸ்டேட்டில் வேறொரு லயத்துக்கு மாற்றினார்கள். அதற்குப் பின்னாலும் சரிவுதான், இந்த மலையில் சரிவில்லாத இடம் எங்கே? இந்த வருஷ மழைக்கு முன்னால் அங்கே போனேன். செல்வராஜ் அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தார். குழாயடியில் பெண்கள் அமைதியாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் இப்போதெல்லாம் யாரையும் கிண்டல் செய்வதில்லையாம். அவர் செய்யாததால் யாருமே செய்வதில்லை.

நான் திட்டுவதற்காகப் போகவில்லை. ஒரே ஒரு கேள்வி இருந்தது. "அண்ணா, அன்னைக்கு முதல் புகை உங்க ஊட்டுலதான் வந்துது. உங்களுக்குப் பயமே இல்லீங்களா?"

வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "எங்க வீட்டுக் கதவுக்குப் பின்னால அன்னிக்கு என்ன இருந்துச்சு தெரியுமா மிஸ்? மூட்டை. எங்க வீட்டுக்காரி விடியும்போதே கட்டி வெச்சிருச்சு."

"அப்புறம் ஏனுங்கண்ணா அடுப்பப் பத்த வெச்சீங்க?"

"எல்லாரும் என் கூரையத்தான் பாப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? பொகை வரலேன்னா செல்வராசு பயந்துட்டான்னு ஆயிரும். ஈர வெறகைப் போட்டுச் சும்மா ஊதினேன். ஒலைகூட வைக்கல மிஸ். வெறும் பொகை."

குழாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் யார் கூரையப் பாத்துக்கிட்டு நின்னேன்னு கேளுங்க."

நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

"மகேசு கூரைய. போன வருசம் மொதல்ல கெளம்பின குடும்பம். நெசமாவே ஆபத்துன்னா அதுதான் மொதல்ல கெளம்பும், அது கெளம்பிருச்சுன்னா அதைச் சாக்கா வெச்சு நானும் கெளம்பிரலாம்னு இருந்தேன். அதுக்குத்தான் மழையில குழாயடியில நின்னேன். தண்ணிக்கா நின்னேன்? அவ பையோட வெளிய வந்தா. வந்துட்டா மிஸ். நான் 'வாடா செல்வராசு, கெளம்பு'ன்னு..." கை காற்றில் அப்படியே நின்றது. "வாயில அந்தப் பேருதான் வந்துச்சு."

அவர் வீட்டில் புகை எழுந்ததைப் பார்த்து அக்கா தங்கிவிட்டார். அக்கா வீட்டில் புகை எழுமா என்று பார்த்துக்கொண்டே அவர் தங்கிவிட்டார். ஒருவர் பயத்தை ஒருவர் பார்க்க முடிந்திருந்தால் அன்றைக்கு அந்த லயமே நடந்திருக்கும். எதிர் மலையிலிருந்து பார்த்த எனக்கும் புகைதான் தெரிந்தது. கதவுக்குப் பின்னால் இருந்த மூட்டைகள் தெரியவில்லை.

"நான் அப்பச் சின்னப் பையன்" என்றார் அண்ணன். "மண்டபத்துல வரிசை கலைஞ்சிருச்சுன்னு எங்கப்பாவ ஒருத்தன் நெஞ்சுல கைய வெச்சுத் தள்ளினான். தலையில மூட்டை. எங்கப்பா சிரிச்சாரு மிஸ். தள்ளினவனப் பாத்துச் சிரிச்சாரு. அதுல இருந்து மூட்டையோட யாரு நின்னாலும் எனக்கு வாயில வேடிக்கைதான் வரும்."

இதுதான் நான் சொல்ல வந்தது. மனிதர்கள் ஏன் கூட்டத்தோடு நிற்கிறார்கள் என்றால் அறிவில்லாமல் இல்லை. நாளைக்கும் அதே குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும். நீங்கள் கீழே இறங்கும்போது உங்களுக்குத் தலையாட்டுகிறவர்களை நம்பாதீர்கள், அது மரியாதை. மூட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். போவதற்குச் சிரிப்பு வராத ஒரு சாக்கைக் கையோடு கொண்டு போங்கள்.

இனி நாளைக் காலை வேலை. புது லயத்தில் ஒத்திகை. மழை இன்னும் பிடிக்கவில்லை, அதனால்தான் இப்போதே. மைக் இல்லை. பேனரைக் கழற்றி ஆபீஸ் மூலையில் போட்டாயிற்று. ஸ்கூல் முற்றத்தில் கல் அடுப்புக் கூட்டியிருக்கிறோம், ஈர விறகு வேண்டிய மட்டும் அடுக்கியிருக்கிறோம். கூரையைப் பார்த்துப் பழகின கண்ணுக்கு ஒரு புகை வேண்டும். அது நாளைக்கு ஸ்கூலிலிருந்து முதலில் கிளம்பட்டும். செல்வராஜ் அண்ணன் வந்து பற்ற வைக்கிறேன் என்றிருக்கிறார். அவர் வீட்டு அடுப்பு நாளைக்கு எரியாது. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, குறுக்கு வழியில் போகாமல், லயத்து வாசல்கள் வழியாக, குழாயடியைத் தாண்டி நடந்து வருவாராம்.

ஒரு நிபந்தனை போட்டார்.

"நான் குழாயடிக்கு வாறப்ப யாராவது ஒருத்தர் என்னை அந்தப் பேரு வெச்சுக் கூப்பிடணும் மிஸ். சத்தமா. எல்லாருக்கும் கேக்கணும்."

"எதுக்குங்கண்ணா?"

"அது என் மேல ஏறிருச்சுன்னா அப்புறம் வேற யாரு மேலயும் ஏறாது."

லயத்தில் யாருக்கும் இனி அந்தப் பேரைச் சொல்ல வாய் வராது. எனக்கும் வராது, முயற்சி செய்து பார்த்தேன். அதனால் உங்களில் ஒருவர் வர வேண்டும், அவர்களுக்கு முகம் தெரியாத ஒருவர். விடியும் முன்னால் குழாயடிக்கு வந்துவிடுங்கள். அவர் மூட்டையோடு வரும்போது, முகத்தைப் பார்த்து, தயங்காமல், "என்ன மண்டபம், கெளம்பியாச்சா?" என்று கேளுங்கள். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். அவர் நிற்காமல் நடக்க வேண்டும். அவர் நின்றுவிட்டால் நீங்கள் பக்கத்தில் போய் மூட்டையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் எதிர் மலை வளைவில் இருப்பேன். ஸ்கூல் புகை எழுந்த பிறகு எந்தெந்தக் கூரை புகையாமல் நிற்கிறது என்று அங்கிருந்துதான் தெரியும்.